12 ஸ்பீக்கர், மூன்று மண்டபம்: ஆம்பிசானிக்ஸ் கலவைக்கு எந்த மென்பொருள்?

தைப்பூசம் முடிந்த மறுவாரம் உறுமி மேளக் குழுத் தம்பிகள் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து ரதத்தோடு கூடவே நடந்து, தண்ணீர்மலை வரைக்கும் ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். கம்பின் நுனியில், எல்லாத் திசை ஒலியையும் ஒருசேரப் பிடிக்கும், நான்கு காப்ஸ்யூல் கொண்ட ஆம்பிசானிக் மைக் ஒன்று. அதோடு உறுமிக்கும் தவிலுக்கும் மிக அருகில் பிடித்த மோனோ பதிவுகள் சில. லெபோ பாசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி பத்து நாளைக்குக் கிடைத்திருக்கிறது. 12 ஸ்பீக்கரும் இரண்டு சப்வூஃபரும் இரவலாகக் கிடைத்திருக்கின்றன. உள்ளே வருகிறவர்கள் கண்ணை மூடினால் ரதத்தின் முன்னால் நிற்க வேண்டும், தேங்காய்கள் காலடியில் உடைய வேண்டும். "எந்த சாப்ட்வேர் வாங்குறதுண்ணே?" என்று கேட்டார்கள்.

பத்து நாளுக்குப் பிறகு இது எங்கே போகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம், அதற்கப்புறம் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன அரங்கு என்றார்கள். மூன்று இடம், மூன்று அளவு, மூன்று கூரை உயரம். பதிலின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. நம்மவர்களில் இந்த வேலைக்கென்று நிரந்தர அறை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இரவல் இடம், இரவல் ஸ்பீக்கர், ஒரே ராத்திரியில் கட்டி மறுநாள் காலையில் திறக்க வேண்டிய நெருக்கடி. மென்பொருளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: அறை மாறினால் கலவையைத் தொடாமல் ஸ்பீக்கர் அமைப்பை மட்டும் எவ்வளவு சீக்கிரம் மாற்ற முடியும்? மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

ஆம்பிசானிக்ஸ் முறையை 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்ஸனும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கினார்கள். நமக்குப் பழக்கமான 5.1, 7.1 கலவைகளில் ஒவ்வொரு சேனலும் ஒரு ஸ்பீக்கரின் சொத்து. ஆம்பிசானிக்ஸில் எந்தச் சேனலும் எந்த ஸ்பீக்கருக்கும் சொந்தமில்லை. ஒரு நடுப்புள்ளியில் நின்றால் எல்லாத் திசையிலிருந்தும் ஒலி எப்படி வந்து சேருமோ, அந்த ஒலிவெளியையே சேனல்கள் சுமக்கின்றன. எளிய வடிவத்தில் நான்கு சேனல்: எல்லாத் திசைகளையும் சமமாகச் சேர்த்தது டபிள்யூ, முன்பின்னுக்கு எக்ஸ், இடவலத்துக்கு வொய், மேல்கீழுக்கு ஸெட். கடைசிக் கட்டத்தில் டிகோடர் என்ற ஒன்று மட்டும் இந்த அறையில் எந்த ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பங்கைக் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். கலவை ஒன்று, மண்டபத்துக்கு ஒரு டிகோடர். தம்பிகளின் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிற முறை இது.

திசைத் துல்லியத்தை ஆர்டர் என்ற எண்ணால் சொல்வார்கள். முதல் ஆர்டருக்கு 4 சேனல், இரண்டாவதற்கு 9, மூன்றாவதற்கு 16, ஏழாவதற்கு 64. காது மட்டத்தில் வட்டமாக நிறுத்தும் ஸ்பீக்கர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆர்டரை இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்ட வேண்டும். மூன்றாவது ஆர்டருக்கு 8 வரும். எங்களிடம் 12. எட்டைக் காது மட்டத்திலும் நான்கை உயரத்திலும் வைத்தால் மூன்றாவது ஆர்டருக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஏறினால் கம்ப்யூட்டருக்குத்தான் பாரம், காதுக்கு லாபம் இல்லை. மனிதத் தலை அளவுள்ள இடத்தில் ஒலிவெளி உண்மையாக மீண்டும் அமைவது முதல் ஆர்டரில் ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸ் வரைதான். மூன்றாவது ஆர்டரில் அது 1,800 ஹெர்ட்ஸ் வரை போகும். உறுமியின் முனகல் இந்த எல்லைக்குள் ஓரளவு அடங்கும். தேங்காய் உடையும் சத்தமோ மிகக் கூர்மையானது, அதன் உயிர் மேல் அலைவரிசைகளில் இருக்கிறது. முதல் ஆர்டர் பதிவில் அது கொஞ்சம் கரைந்து, பரந்துதான் கேட்கும். இதைத் தம்பிகளுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். எந்த மென்பொருளை வாங்கினாலும் மைக் பிடிக்காததைக் கொடுக்காது.

இனி வழிகள். தம்பிகளில் ஒருவர் டால்பி அட்மாஸ் (தியேட்டர்களில் வரும் சுற்றொலி முறை) செய்யலாம் என்றார். அதில் நியாயம் உண்டு. ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் அட்மாஸ் பாடல்கள் வருகின்றன. சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் ஒலிக்கலவை செய்து பிழைக்க நினைக்கும் இளைஞர் கோலாலம்பூரில் இதைக் கற்பது வீண்போகாது. அதன் 7.1.4 அமைப்புக்கும் (காது மட்டத்தில் 7, சப்வூஃபர் 1, மேலே 4) மொத்தம் 12 வெளியீடுகள்தான், எண் கூடப் பொருந்துகிறது. இடம்தான் பொருந்தவில்லை. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்திலும் பின்னாலும் நான்கு என்ற அந்த அமைப்பு, திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து வகுத்தது. ரதத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு முன் பக்கம் என்று ஒன்று கிடையாது. அதோடு, கையிலிருக்கும் முக்கியப் பதிவே ஆம்பிசானிக் பதிவு. அதை அட்மாஸுக்குள் கொண்டுபோக முதலில் 7.1.4-க்கு டிகோடு செய்ய வேண்டும். அட்மாஸ் பெட், அதாவது ஸ்பீக்கர்களுக்கென்று நிலையாக ஒதுக்கிய சேனல் தொகுதி, 7.1.2-ஐத் தாண்டாது என்பதால் மேலே உள்ள நான்கையும் ஆப்ஜெக்டாக, அதாவது தனித்தனியே இடம் குறித்த ஒலியாக, வைக்க வேண்டும். அப்படிச் செய்தபின் ஒலிவெளி முழுவதையும் ஒரே குமிழால் திருப்பும் வசதி போய்விடும். அந்த வசதி இந்த வேலைக்கு எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நுவெண்டோ, புரோ டூல்ஸ் என்ற ஸ்டுடியோ மென்பொருள்கள் இரண்டுக்கும் ஆம்பிசானிக்ஸ் தெரியும். புரோ டூல்ஸின் உயர்நிலைப் பதிப்பில் 2017-லேயே மூன்றாவது ஆர்டர் வரை வந்துவிட்டது. ஸ்டுடியோவில் இவை ஏற்கெனவே இருந்தால் அங்கேயே வேலையைத் தொடங்கலாம். ஆனால் புரோ டூல்ஸ் ஏ.ஏ.எக்ஸ் வகைப் பிளக்-இன்களை (உள்ளே செருகும் துணைக் கருவிகளை) மட்டும்தான் ஏற்கும். இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஆம்பிசானிக் கருவிகளில் பல வி.எஸ்.டி வகை. இந்த ஒரு வேலைக்காகப் புதிதாகக் காசு போட்டு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் பாட்டு செய்கிறவர்களுக்கு என்வெலப் ஃபார் லைவ் என்ற துணைத் தொகுப்பு இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், மூன்றாவது ஆர்டர். லைவின் டிராக்குகள் ஸ்டீரியோதான் என்பதால் உள்ளே மேக்ஸ் வழியாக ஒலியைத் தனிப் பாதையில் அனுப்பிச் சமாளிக்கிறார்கள், அதற்கு மேக்ஸ் ஃபார் லைவ் வேண்டும், அது லைவின் சூட் பதிப்போடு வரும். ஒரு டிஜே மேடையில் நின்று ஒலியைச் சுழற்றி விளையாட இதைவிட இன்பமான கருவி இல்லை. நான்கு சேனல் கோப்புகளை வைத்து மணிக்கணக்கில் வெட்டி ஒட்டும் எங்கள் வேலைக்கு அது ஒத்துவராது.

ஒலிக்கு நாமே நிரல் எழுதிக்கொள்ளும் மென்பொருள்களான மேக்ஸ், சூப்பர்கொலைடர் இரண்டையும் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சக்தி என்று பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே இவைதான் பெரியவை. மேக்ஸுக்குள் பாரிசின் இர்காம் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஸ்பாட் என்ற திசையொலிக் கருவி ஓடும், சூரிக் கலைப் பல்கலைக்கழகத்தின் ஐ.சி.எஸ்.டி கருவிகளும் ஓடும். சூப்பர்கொலைடர் இலவசம். ஆம்பிசானிக் டூல்கிட் என்ற தொகுப்பை அதில் சேர்த்தால், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஏற்றி, சுவிட்சைப் போட்டதும் தானாக ஒலிக்கும்படி செய்யலாம். வருகிறவர் கையசைத்தால் ஒலி நகர வேண்டும், உறுமிக்காரர் நேரில் அடிக்க அது உடனே அறையைச் சுற்றி ஓட வேண்டும் என்றால் இந்த வழிதான். தம்பிகள் அப்படி ஏதாவது கேட்டிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன்.

நான் தயங்கியதற்குக் காரணம் ஒரு பழைய அனுபவம். சில வருடங்களுக்கு முன் வேறொரு காட்சிக்கு, திறமையான ஒரு நண்பர் எல்லாவற்றையும் தன் கையாலேயே நிரலாக எழுதித் தந்தார். அருமையாக ஓடியது. அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். அடுத்த ஊரில் ஸ்பீக்கர் எண்ணிக்கை குறைந்தது, லேப்டாப்பும் மாறியது. அந்த நிரலைத் திறந்து பார்த்த எங்களில் ஒருவருக்கும் எந்தக் கம்பி எங்கே போகிறதென்று பிடிபடவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்தோம், கடைசியில் ஸ்டீரியோவில் ஓட்டினோம். அந்தப் பெரிய மண்டபத்தில் இரண்டு ஸ்பீக்கரில் அது ஒலித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் மற்றவர்கள் திறந்து திருத்தக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அன்றிலிருந்து நான் விட்டதில்லை.

அதனால் எங்கள் முடிவு ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளும் அதற்குள் ஓடும் ஐ.இ.எம். பிளக்-இன் தொகுப்பும். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், பெரிய வணிகத்துக்கு 225. வாங்குவதற்கு முன் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு டிராக்குக்கு 64 சேனல் வரை நெடுநாளாகவே தருகிறது, ஏழாம் பதிப்பில் அது 128 ஆகிவிட்டது. அதன் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஐ.இ.எம். தொகுப்பு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உள்ள மின்னணு இசை, ஒலியியல் கழகத்தின் ஆக்கம். இலவசம், திறந்த மூலம், ஏழாவது ஆர்டர் வரை போகும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் தரும் ஸ்பார்ட்டா தொகுப்பும் இதே தரம்தான், அதுவும் இலவசம். இரண்டையும் ஒரே புராஜெக்டில் கலந்து வைக்கலாம். அங்கிருந்து வரும் காம்பஸ் அப்மிக்ஸர், முதல் ஆர்டர் பதிவை ஆராய்ந்து உயர்ந்த ஆர்டருக்குக் கூர்மையாக்கித் தர முயலும். தேங்காய்ச் சத்தத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தோம். பிளவு கொஞ்சம் தெளிவாயிற்று, ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் இயல்பு கெட்டதாக என் காதுக்குப் பட்டது. ஆகவே சில இடங்களில் மட்டும் வைத்திருக்கிறோம்.

நிறுவும்போது முதல் முறை செய்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் சேனல் எண்ணிக்கை. ரீப்பர் புது டிராக்கை 2 சேனலோடுதான் திறக்கும். மூன்றாவது ஆர்டருக்கு என்கோடர் (ஒலிக்குத் திசை கொடுத்து ஆம்பிசானிக்ஸாக மாற்றும் கருவி) உள்ள டிராக், அதன் மேல் உள்ள ஃபோல்டர், எல்லாம் வந்து சேரும் பஸ் டிராக் என்று ஒவ்வொன்றுக்கும் ரூட்டிங் பெட்டியைத் திறந்து 16 என்று மாற்ற வேண்டும். ஒன்றுக்கு ஒன்று அனுப்பும் இணைப்பும் 16 ஆக இருக்க வேண்டும். எங்காவது ஓர் இடத்தில் 2 என்று விட்டுப்போனால் பிழைச் செய்தி எதுவும் வராது. இன்றைய சேனல் வரிசையில் முதல் இரண்டும் டபிள்யூவும் வொய்யும் என்பதால், இடம் வலம் மட்டும் வேலை செய்யும். முன், பின், மேல் எல்லாம் ஒன்றாகக் குழைந்து நடுவில் நிற்கும். ஸ்டீரியோ பழகிய காது அதைக் கேட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். அதனால்தான் இது ஆபத்தானது.

அடுத்தது சேனல் வரிசையே. பழைய ஃபூமா முறையில் வரிசை டபிள்யூ, எக்ஸ், வொய், ஸெட். 2011-ல் முன்மொழியப்பட்ட ஆம்பிஎக்ஸ் முறையில் டபிள்யூ, வொய், ஸெட், எக்ஸ். யூடியூபின் 360 பாகை வீடியோக்களும் ஆம்பிஎக்ஸையே கேட்கின்றன. கையடக்க ரிக்கார்டர்கள் சிலவற்றில் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம், பதிவு செய்தவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதி வைக்காவிட்டால் வம்பு. தம்பிகளின் முதல் நாள் கோப்புகளைப் போட்டதும், முன்னால் வர வேண்டிய நாதஸ்வரம் இடக்காதில் வந்தது. இடப்பக்கத்துத் தண்ணீர்ப் பந்தல் பாட்டு தலைக்கு மேலே கேட்டது. ஃபூமா கோப்பை ஆம்பிஎக்ஸ் என்று படித்தால் சரியாக இப்படித்தான் ஆகும்: முன்பக்கம் இடப்பக்கமாகும், இடப்பக்கம் மேலே போகும், மேலே உள்ளது முன்னால் வரும். ஐ.இ.எம். டூல்பாக்ஸில் உள்ளீட்டை ஃபூமா என்று மாற்றியதும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன.

கலவைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட முறை எளியது. முதல் ஆர்டர் பதிவைத் தரைவிரிப்பாகக் கீழே போட்டோம். அதன் மேல் உறுமி, தவில், சேகண்டி மோனோ பதிவுகளை ஸ்டீரியோ என்கோடரால் மூன்றாவது ஆர்டரில் திசை கொடுத்து வைத்தோம். கூட்டம் மங்கலாகச் சூழ்ந்திருக்க, மேளம் மட்டும் கூராக ஓர் இடத்தில் நிற்கும். நேரில் நமக்கு அப்படித்தானே கேட்கிறது. சிக்கல் ஒன்று இருந்தது. மைக் பிடித்தவர் தெருமுனைகளில் திரும்பும்போது ஒலிவெளி முழுவதும் அவரோடு சேர்ந்து திரும்பிவிட்டது. ஒலிவெளியைத் திருப்பும் சீன் ரொட்டேட்டரை அந்த டிராக்கில் வைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் கோணம் தானாக மாறும்படி ஆட்டோமேஷனாக எழுதினோம். இப்போது ரதம் எப்போதும் முன்னால்தான் வருகிறது. நான் முன்பு சொன்ன குமிழ் இதுதான். மண்டபத்துக்கு மண்டபம் வாசல் வேறு பக்கம் இருந்தாலும் இன்னொரு ரொட்டேட்டரைப் பஸ்ஸில் வைத்து, ரதத்தை வாசல் நோக்கித் திருப்பிவிடலாம். அட்மாஸில் இதற்கு ஒவ்வொரு ஆப்ஜெக்டாக நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இந்த வேலை பெரும்பாலும் ஹெட்போனில்தான் நடந்தது. தம்பி ஒருவர் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், ராத்திரி பத்து மணிக்கு மேல் உறுமியை ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க முடியாது. பைனாரல் டிகோடர் 16 சேனலையும் இரண்டு காதுக்கு மாற்றித் தருகிறது. நோய்மான் நிறுவனத்தின் கே.யூ.100 பொம்மைத் தலையில் அளந்த தரவை வைத்து அது வேலை செய்கிறது. திசைகளை நகர்த்தவும் வெட்டவும் இது போதும். ஒலியளவையும் எதிரொலியையும் மட்டும் ஹெட்போனில் முடிவு செய்யக் கூடாது. அறையில் போட்டபோது நாங்கள் சேர்த்திருந்த எதிரொலியில் பாதியைக் குறைத்தோம், ஏனென்றால் கடைவீட்டின் செங்கல் சுவர்களே போதுமான எதிரொலியைத் தந்தன.

இப்போது அந்த மாடி. பாரம்பரியக் கட்டடம் என்பதால் சுவரில் ஒரு துளைகூடப் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, அவர் சொன்னது சரிதான். இரும்புக் குழாய்களை நிறுத்தி அவற்றில் ஸ்பீக்கர்களைக் கட்டினோம். கடைவீட்டின் அகலம் 5 மீட்டர்தான், நீளம் தாராளம். ஆகவே பக்கத்து ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 2.5 மீட்டரிலும் முன்பின் ஸ்பீக்கர்கள் 4 மீட்டரிலும் நிற்கின்றன. தூண் மறைத்த இரண்டு இடங்களில் கோணமும் சமமாக வரவில்லை. இப்படி ஒழுங்கற்ற அமைப்புக்கு ஐ.இ.எம்.-இன் ஆல்ராட் டிகோடர்தான் கைகொடுக்கிறது. 2012-ல் ஃபிரான்ஸ் ஸாட்டரும் மத்தியாஸ் ஃபிராங்க்கும் வெளியிட்ட முறை அது. முதலில் கோளத்தின் மேல் சீராகப் பரவிய கற்பனை ஸ்பீக்கர்களுக்கு டிகோடு செய்யும். பிறகு அவற்றை, 1997-ல் வில்லே புல்க்கி வெளியிட்ட திசைப்பங்கீட்டு முறையில், உண்மையான ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் கிடைக்கோணம், உயரக்கோணம் இரண்டையும் பட்டியலில் தட்டெழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் டிகோடர் தயார். அளவுநாடாவும் கோணமானியும் பிடித்து 12 ஸ்பீக்கரையும் அளக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

அந்தப் பட்டியலில் ஒரு வரி கற்பனை ஸ்பீக்கருக்கு. எங்களிடம் காது மட்டத்துக்குக் கீழே ஸ்பீக்கர் எதுவும் இல்லை. கீழே திறந்து கிடந்தால் டிகோடரால் கோளத்தை மூட முடியாது, எச்சரிக்கை காட்டும். நேர் கீழே, உயரக்கோணம் கழித்தல் 90-ல் ஒரு கற்பனை ஸ்பீக்கரைச் சேர்த்தால் மூடிக்கொள்ளும். பலரும் அதன் ஒலியளவைச் சுழி என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் விஷயத்தில் அது பெரிய தவறாகியிருக்கும். தேங்காய் உடைவது தரையில், மைக் இருந்தது தலை உயரத்தில். பதிவில் மிக முக்கியமான சத்தம் கீழ்த் திசையிலிருந்துதான் வருகிறது. அளவைச் சுழியாக வைத்தால் அந்தத் திசையின் ஒலி வெட்டுப்பட்டுப் போகும். அளவைக் கூட்டினால் அது பக்கத்தில் உள்ள உண்மையான ஸ்பீக்கர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்படும். கூட்டினோம், தேங்காய்கள் திரும்பி வந்தன. காலடியில் உடையவில்லை என்பது உண்மை. முழங்கால் உயரத்தில் உடைவதுபோல் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

தூரத்தை ஆல்ராட் கவனிக்காது, அதற்கு டிஸ்டன்ஸ் காம்பன்சேட்டர் தனியாக இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரியில், ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகிறது. 1.5 மீட்டர் வித்தியாசம் என்றால் பக்கத்து ஸ்பீக்கரை 4.3 மில்லிவினாடி தாமதித்து, 4 டெசிபெல் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஒலி எல்லாம் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒட்டிக்கொள்ளும். சப்வூஃபருக்காக, ஆல்ராட் கணக்கை ஜேசன் என்ற வகைக் கோப்பாகச் சேமித்து, சிம்பிள் டிகோடரில் ஏற்றினோம். கீழ் அலைவரிசையைப் பிரித்துத் தனி வெளியீட்டில் அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. மாடித் தரை மரப்பலகை என்பதால் சப்வூஃபர்களுக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் தவிலுக்குத் தரையே கூடச் சேர்ந்து வாசிக்கிறது.

கருவிகளில் 8 வெளியீடு உள்ள யூ.எஸ்.பி இன்டர்ஃபேஸ் ஒன்றும், ஏடாட் ஒளியிழை வழியே இன்னொரு 8 தரும் பெட்டி ஒன்றும் போதுமானதாக இருந்தன. ஏடாட் ஒரு கம்பியில் 48 கிலோஹெர்ட்ஸில் 8 சேனல் தரும், 96-ல் 4 தான் தரும். எனவே எல்லாவற்றையும் 48-லேயே வைத்தோம். கலவையைக் கோப்பாக எடுக்கும்போது இன்னொன்று: 16 சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் சாதாரண வேவ் கோப்பின் 4 கிகாபைட் எல்லை 31 நிமிடத்தில் வந்துவிடும். எங்கள் காட்சி 40 நிமிடம். ரீப்பரில் பெரிய கோப்புக்கான வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

கடைசியில் சோதனை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே இரைச்சல் அனுப்பி எண்ணைச் சரிபார்ப்பது எல்லோரும் செய்வது, அதைச் செய்தோம். அதற்கு மேல் ஒன்றும் செய்தோம். பதிவு நாளன்று தம்பிகளிடம் சொல்லி வைத்திருந்தேன்: மைக்கைச் சுற்றிக் கைத்தாளம் தட்டிக்கொண்டு ஒருவர், கோயிலில் பிரகாரம் சுற்றுவதுபோல், வலமாக ஒரு சுற்று வர வேண்டும். முன்னால் தொடங்கி, வலக்கைப் பக்கம், பின்னால், இடக்கைப் பக்கம், மறுபடி முன்னால். அந்த அரை நிமிடப் பதிவு எல்லாப் பிழையையும் காட்டிக்கொடுக்கும். ஐ.இ.எம். தொகுப்பில் கிடைக்கோணம் இடஞ்சுழியாகக் கூடும், இடக்கைப் பக்கம் கூட்டல் 90. வேறு சில மென்பொருள்களில் வலஞ்சுழி. பட்டியலில் குறியை மாற்றிப் போட்டிருந்தால் தாளம் அப்பிரதட்சணமாகச் சுற்றும். கோயில் பழக்கம் உள்ள யாருக்கும் அது உடனே உறுத்தும், அளவுகோல் எதுவும் வேண்டாம். தம்பிகளில் ஒருவரின் அம்மாவை அழைத்து நடுவில் நிறுத்திக் கேட்க வைத்தோம். "சரியா வலமாத்தான் வருது" என்றார். அதன் பிறகுதான் கதவைத் திறந்தோம்.

ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. இந்த முறையில் நடுவில் நிற்பவருக்குக் கிடைக்கும் துல்லியம், ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைக்காது. அவருக்கு அந்த ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். குழாய்களுக்கு முன்னால் கயிறு கட்டி, ஆட்களை நடுவில் நிற்க வைத்தோம். நூறு பேர் உட்காரும் அரங்கில் எல்லா நாற்காலிக்கும் ஒரே அனுபவம் வேண்டுமென்று யாராவது கேட்டால், 12 ஸ்பீக்கரில் மூன்றாவது ஆர்டர் வைத்து நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பிறை மண்டபத்தை வரும் சனிக்கிழமை அளக்கப் போகிறோம். அங்கே மேடை உண்டு, அதனால் மேல் ஸ்பீக்கர் இரண்டைத் திரைக்கம்பியில் கட்டலாம். ஹார்ட் டிஸ்கில் கலவைக் கோப்பு ஒன்று, கடைவீட்டின் ஜேசன் கோப்பு ஒன்று, பெயர் மட்டும் போட்டு இன்னும் காலியாக இருக்கும் இரண்டு ஃபோல்டர். மண்டபத்தின் கூரை தகரம். மாலை மழை பிடித்துக்கொண்டால் எந்த டிகோடராலும் அதை அடக்க முடியாது, ஆகவே காட்சிகளைக் காலை பத்து மணிக்கு வைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.